அளவு நாடாவை அம்மா கையில் கொடுங்கள்!

சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அல்லது போனஸ் வந்திருக்கிறது. சமையல் அறையையும் குளியல் அறையையும் புதுப்பிக்கலாம் என்று வீட்டில் முடிவாகிறது. நல்ல முடிவுதான்!

அடுத்து என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் டைல்ஸ் கடைக்குப் போகிறார். பளபளக்கும் கல்லைப் பார்த்து மயங்குகிறார். கொத்தனாரை அழைத்து வருகிறார். இருவரும் நின்று பேசுகிறார்கள். அந்த அறையிலேயே பாதி நாள் நிற்கிற அம்மா, அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது சரியா? சரியே அல்ல.

சமையல் அறையைச் சமைப்பவர் அளக்க வேண்டும். குளியல் அறையை வீட்டிலேயே தளர்ந்தவர் அளக்க வேண்டும். பணத்தில் முதல் பங்கு கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குப் போக வேண்டும். அழகுக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

மேடை யார் உயரத்துக்கு?

சமையல் மேடையை எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஆனால், எல்லாப் பெண்களும் ஒரே உயரமா? மேடை தாழ்ந்தால் முதுகு வலிக்கும். மேடை உயர்ந்தால் தோள் வலிக்கும். ஒரு நாள் வலி அல்ல. இருபது வருட வலி!

உயரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சமைப்பவர் நேராக நிற்கட்டும். முழங்கையை மடக்கட்டும். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் காய் நறுக்க வசதி. அடுப்பு வைக்கும் இடம் இன்னும் சற்றுத் தாழ்வாக இருக்கலாம். ஏனென்றால் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் உயரம் உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டி சற்று உயரமாக இருக்கலாம். ஏனென்றால் அதன் அடிப்பக்கம் பள்ளம்.

வீட்டில் ஆண்கள் சமைக்கிறார்களா? மகிழ்ச்சி! அவர்களும் நின்று பார்க்கட்டும்.

இடம் சிறியதாக இருக்கிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் பிராங்பர்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டில் அந்த நகரசபை கட்டிய வீடுகளுக்கு ஒரு பெண் சமையல் அறையைத் திட்டமிட்டார். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்பது அவர் பெயர். ஆஸ்திரியா நாட்டுக்காரர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தார். ரயில் வண்டியின் சமையல் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டார். அவர் அமைத்த அறையின் அகலம் சுமார் 6 அடி. நீளம் சுமார் 11 அடி. அவ்வளவுதான்! சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையல் அறை அமைந்தது.

இடம் குறைவு என்பது பெரிய குறை அல்ல. யோசனை குறைவு என்பதே பெரிய குறை. அரிசிப் பானையில் இருந்து தொட்டிக்கு எத்தனை எட்டு? தொட்டியில் இருந்து அடுப்புக்கு எத்தனை எட்டு? ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். மேடையை எங்கே கட்டுவது என்பது தானே தெரிந்துவிடும்.

கீழே ஒரு துவாரம்

இப்போது சிலிண்டரை மேடைக்குக் கீழே, கதவு போட்ட அலமாரிக்குள் மறைத்து வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகத் தேங்கும். சுவரின் உச்சியில் சுழலும் மின்விசிறி புகையை வெளியேற்றும். தரையில் தேங்கும் வாயுவுக்கு அது போதாது. ஆகவே, அலமாரிக் கதவின் அடியிலும், அறைச் சுவரின் அடியிலும் காற்றுத் துவாரம் வைக்கச் சொல்லுங்கள்.

வாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது. அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்ததும் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

குளியல் அறை வழுக்கு மேடை அல்ல

குளியல் அறைக்கும் பலர் கண்ணாடி போலப் பளபளக்கும் கல்லையே வாங்குகிறார்கள். அதன்மேல் சோப்புத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? வாலிபர் வழுக்கி விழுந்தால் எழுந்து விடுவார். எழுபது வயதுப் பாட்டி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். பிறகு அவர் பழையபடி நடப்பாரா என்பதே சந்தேகம். ஆகவே, தரைக்குச் சொரசொரப்பான கல்லையே கேட்டு வாங்குங்கள்.

சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. சுவரைத் திறந்திருக்கும்போதே கனமான கைப்பிடிக்கு இடம் செய்யுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும்.

தரைக்கு வாட்டம் முக்கியம். 8 அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் தேங்காமல் ஓடும். கல் பதிப்பதற்கு முன்பே நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசவேண்டும். பூச்சு காய்ந்ததும் நீர் போகும் வாயை அடையுங்கள். தரையில் தண்ணீரைத் தேக்கி, ஒரு பகல் ஒரு இரவு விட்டு வையுங்கள். கீழ்த்தளத்துக் கூரையையும் பக்கத்துச் சுவரையும் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் கல்லைப் பதிக்கலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு நாள் பொறுமை. செய்யாவிட்டால் சுவரில் ஓதம் ஏறும். பதித்த கல்லையே பெயர்க்க நேரும்.

வெந்நீருக்கு மின்சாரக் கீசர் வைத்தால் எர்த் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் கருவியையும் பொருத்துங்கள். வாயுவால் எரியும் கீசரைக் குளியல் அறைக்குள் வைக்கவே கூடாது. மூடிய அறையில் அது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயுவை உண்டாக்கலாம். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. குளிப்பவருக்கு ஆபத்து தெரிவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும்.

செலவு ஏறுமா?

"பெண்களையும் பெரியவர்களையும் கேட்டால் செலவு ஏறிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். மேடையை 2 அங்குலம் ஏற்றவும் இறக்கவும் என்ன பெரிய செலவு? கதவை வெளிப்பக்கம் திறக்க வைப்பதற்கு என்ன பெரிய செலவு? முதலிலேயே கேட்டால் ஒரு வார்த்தையோடு போகும். கட்டிய பிறகு மாற்றினால்தான் கை சுடும்.

பணத்தை இப்படிப் பங்கிடுங்கள். முதலில் குழாய், கழிவுநீர் வழி, நீர்க்கசிவுப் பூச்சு, மின்கம்பி. அடுத்து மேடை, தொட்டி, கைப்பிடி. கடைசியில் கல்லும் வண்ணமும். நூற்றுக்குப் பத்துப் பங்காவது தனியே எடுத்து வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குழாயும் கம்பியும் போகும் சுவரை, பூசுவதற்கு முன்பு செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

பேசிய கூலி, பொருள், நாள் எல்லாவற்றையும் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். குடியிருந்துகொண்டே வேலை செய்தால் இரண்டு அறைகளையும் ஒரே சமயத்தில் உடைக்காதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி இல்லாமல் சமைப்பதும், பயம் இல்லாமல் குளிப்பதும் அழகுக்கு முந்தியவை. கொத்தனார் வரும் நாளில் அம்மாவையும் பாட்டியையும் முன்னால் நிற்க வையுங்கள். அவர்கள் அளவைச் சொல்லட்டும். மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும்!