கம்பெனியின் தலைவிதியை எழுதுவது யார்?

கடனில் மூழ்கிய கம்பெனியை என்ன செய்வது? வேறு முதலாளியிடம் ஒப்படைத்து நடத்தச் செய்யலாம்; அல்லது மெஷின், மனை, கட்டிடம் அத்தனையையும் விற்றுக் காசாக்கலாம். 2016-ம் ஆண்டுத் திவால் சட்டத்தில் இரண்டு வழியும் உண்டு. பிழைக்க வைப்பதற்கே முதலிடம் என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் வழியைத் தேர்ந்தெடுப்பது யார்?

கடன் கொடுத்த பாங்கிகளின் கமிட்டி! கொடுத்த கடனுக்குத் தக்கபடி ஓட்டு. 66 சதவிகித ஓட்டு விழுந்தால் பிழைக்கலாம். கலைப்பதற்கும் அதே 66தான். இருபது வருஷம் தறியடியில் நின்றவனுடைய சம்பள பாக்கியும் கடன்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஓட்டு மட்டும் கிடையாது. தொழிலாளிகள், சரக்குக் கொடுத்தவர்கள் எல்லோருடைய பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவிகிதத்தை எட்டினால் ஒரு பிரதிநிதி போய் உட்காரலாம். ஓட்டுக்குக் கை தூக்க முடியாது.

குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்துகொண்டு போனபின் தூற்றியவனுக்குக் கருக்காய் மிஞ்சும் கதையை விவசாயத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனியைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் விமானங்கள் நின்றன. ஜூனில் விவகாரம் டிரிபியூனலுக்குப் போயிற்று. 2021 ஜூனில் புது முதலாளிகளின் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பிறகு? பணம் கட்டினாயா, கட்டவில்லையா என்று பாங்கிகளும் அவர்களும் கோர்ட்டில் மல்லுக்கு நின்றார்கள். 2024 நவம்பர் 7-ந் தேதி கம்பெனியைக் கலைக்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சட்டம் வைத்திருந்த கெடு 330 நாள். போனதோ ஐந்து வருஷத்துக்கு மேல்! (1985-ம் ஆண்டுச் சட்டப்படி வந்து 2016 டிசம்பரில் மூடப்பட்ட பி.ஐ.எப்.ஆரில் நலிந்த ஆலைகளின் வழக்குகள் தூங்கியது தனிக் கதை.)

கலைத்தால் தொழிலாளிக்கு என்ன? நடவடிக்கைச் செலவு போக, கலைப்புக்கு முந்திய 24 மாதச் சம்பள பாக்கிக்கு, ஈடு பிடித்த பாங்கிகளோடு சமமான இடம். பி.எப்., கிராஜுவிடி பணம் கலைப்புச் சொத்தில் சேராது. இவற்றை லேசாக நினைக்கக்கூடாது. ஆனால் வழக்கை வருஷக்கணக்கில் இழுத்தால் அந்த 24 மாதம் எது? ஆலை பூட்டிக் கிடந்த மாதங்கள்! திவால் நடவடிக்கை நடக்கும் காலத்துச் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் முதலில் தர வேண்டுமானால், கம்பெனி ஓடியிருக்க வேண்டும், அவன் உண்மையில் வேலை செய்திருக்க வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கேட்டைப் பூட்டியவன் முதலாளி; வேலை செய்யவில்லை என்ற பெயர் தொழிலாளிக்கு!

கமிட்டியில் தொழிலாளிக்கு ஓட்டு வேண்டும். 24 மாதக் கணக்கை, கேட் பூட்டப்பட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இதை ஒவ்வொரு ஆலை கேட்டிலும் நாம் பேசியாக வேண்டும்.