ஹாலிவுட் மறைக்கும் அயர்லாந்து

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையை ஹாலிவுட் பட முதலாளிகளிடம் கற்க வேண்டும். பாரமவுண்ட் கம்பெனி 1992ல் வெளியிட்ட ‘பேட்ரியட் கேம்ஸ்’ அதற்கு அத்தாட்சி.

கதை என்ன? அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வில் முன்பு வேலை பார்த்தவன் கதாநாயகன். லண்டனில் ஐரிஷ் தீவிரவாதிகள் தாக்கிய ராஜகுடும்பத்துப் பிரபுவை அவன் காப்பாற்றுகிறான்; தாக்கியவர்களில் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். செத்தவனின் அண்ணன் பழிவாங்கக் கிளம்பி, கதாநாயகனின் மனைவியையும் பெண் குழந்தையையும் கொல்லத் துரத்துகிறான். ஒரு நாட்டின் அரசியல் இரண்டு குடும்பங்களின் பகையாகச் சுருங்கிவிட்டது!

நாம் கேட்கிறோம்: அந்த மண்ணில் துப்பாக்கி முளைத்தது எப்படி? படம் வாய் திறக்கவில்லை. நாம் சொல்கிறோம்.

1960களில் வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில், தன் பெயரில் வீடில்லாத உழைப்பாளிக்கு ஓட்டு இல்லை. கம்பெனி முதலாளிக்கோ கூடுதல் ஓட்டுகள்! கத்தோலிக்கர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் அலைக்கழிக்கப்பட்டனர். 1968 அக்டோபர் 5ல் டெர்ரி நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்றவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. 1971ல் விசாரணையின்றிச் சிறை. 1972 ஜனவரி 30ல் அதே நகரில் பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டு 13 பேர் அன்றே மாண்டனர். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அந்தச் சூடு நியாயமற்றது என்று பிரிட்டிஷ் பிரதமரே 2010ல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

குண்டு வைத்து அப்பாவிகளைக் கொல்வது உழைப்பாளியின் பாதையல்ல. ஆனால் நோயின் மூலத்தை மறைப்பவன் வைத்தியனும் அல்ல.

படத்தில் இன்னொரு காட்சி. பாலைவன முகாமில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் புகுந்து ஆட்களைக் கொல்கிறார்கள். சி.ஐ.ஏ. அதிகாரிகள் அமெரிக்காவில் உட்கார்ந்து சாட்டிலைட் வழியாக அதைப் பார்க்கிறார்கள். கதாநாயகனின் முகம் சற்று வாடுகிறது, அவ்வளவுதான்! சர்க்கார் கொன்றால் கடமை, எதிரி கொன்றால் வெறி என்பதே இவர்களது நீதி.

அமெரிக்காவின் சினிமாத் தொழில் பத்திரிகையான ‘வெரைட்டி’யின் விமர்சகர் இந்தப் படத்தைக் கண்டித்து எழுதினார். உடனே பாரமவுண்ட் அந்தப் பத்திரிகைக்குத் தரும் விளம்பரங்களை நிறுத்தியது. பத்திரிகைச் சுதந்திரம் பேசும் பணமூட்டைகளின் லட்சணம் இது!

அயர்லாந்துக்கு வேறொரு முகம் உண்டு. 1911ல் பெல்பாஸ்ட் மில் பெண்களைச் சங்கத்தில் திரட்டினார் ஜேம்ஸ் கன்னலி. 1916 எழுச்சியில் காயமடைந்த அவரை நாற்காலியில் கட்டிச் சுட்டது பிரிட்டிஷ் ஆட்சி. அவர் போராடிய நாட்டின் கதையில், இந்தப் படம் கண்டது பழிவெறி ஒன்றைத்தான். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் உழைப்பாளி, காட்டியதோடு நிற்காமல் மறைத்ததையும் கேட்கட்டும்!