ஒரே கூரை போதுமா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே பீடத்தை நோக்கி நிற்கிறோம். ஒரே பாட்டைப் பாடுகிறோம். ஒரே அப்பத்தை உட்கொள்கிறோம். ஆகவே நாமெல்லாரும் ஒரே குடும்பம் என்று மறையுரைகளில் கேட்கிறோம். இது முழு உண்மைதானா என்ற கேள்வி சில மாதங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. சிறியவள் கேட்கிறாளே என்று பெரியவர்கள் கோபிக்க வேண்டாம்.

என் பாட்டி சிறுமியாயிருந்தபோது பூசை இலத்தீன் மொழியில் நடந்ததாம். குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி செபிப்பார்; சனங்கள் தம் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கந்தான் தாய்மொழிக்கு வழி திறந்தது. "அதுக்கப்புறந்தான் கோயில் நம்ம கோயில் ஆச்சு" என்பார் பாட்டி. அவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால், மொழி விளங்கிவிட்டால் மனமும் ஒன்றாகிவிடுமா?

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தின் கதையைக் கேளுங்கள், தோழியரே. தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில்தான். சாதி பாராமல் எல்லாரோடும் சமமாய்ப் பழகிய அவர் 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலே 1872-இல் எழும்பிய திருக்குடும்ப ஆலயம் எப்படி இருந்தது தெரியுமா? விரித்துவைத்த இரண்டு கால்களைப் போல இரண்டு கூடங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலிய மற்றவருக்கு ஒன்று. நடுவிலே சுவர். இரு பக்கத்தாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது! பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் 1910-இல் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சுவர்களோ அதைவிட அதிகம்.

கடந்த விடுமுறையில் உறவினர் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம். விவிலியம் வாசித்தார்கள், மன்றாட்டுச் சொன்னார்கள், எல்லாம் அழகாக நடந்தது. முடிவில் அந்த வீட்டு அக்காள் காப்பி கொண்டுவந்தார். ஒருவருக்குச் சர்க்கரையாம், இன்னொருவர் இப்போதுதான் குடித்தாராம், மூன்றாமவருக்கு நேரமாகிவிட்டதாம். முந்தின வாரம் வேறு தெருவில் நடந்த கூட்டத்திலே இதே மூவரும் இரண்டு டம்ளர் குடித்ததை நான் பார்த்திருந்தேன். அதைவிட வெட்கம், என் டம்ளரையும் நான் தொடவில்லை. எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்துவிட்டேன். அந்த அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. நிறைந்த டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் மெஷின் ஓசை ஓயாது. ஒருவர் வெட்டிய துணியை வேறொருவர் தைக்கிறார். மற்றொருவர் மடித்து அடுக்குகிறார். துணிக்குச் சாதி தெரியாது. வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்கிற கைகள் செபித்து முடிந்தபின் ஒரு டம்ளரை வாங்கக் கூசுவானேன்?

அதற்காக அன்பியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோவிலில் பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூடத் தெரியாமல் ஆயுள் முழுவதையும் ஓட்டிவிடலாம். அன்பியமோ நம்மை அவர் வீட்டுப் படியேற வைக்கிறது. ஆகவேதான் அது கடினமாயிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் தலைக்கட்டு வரி கொடுத்தவர்தான் கோவில்காரர். திருவிழாச் செலவுக்குப் பணம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிழைக்க வந்து வாடகை வீட்டில் இருப்பவர், கணவனை இழந்தவர், வேலையில்லாதவர் ஆகியோரின் பெயர் நோட்டில் இல்லையென்றால், ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பெயர் செல்லாதா? வரி நோட்டை எழுதும் பெரியவர்கள் அடுத்த திருவிழாவுக்கு முன் அவர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

அன்பியக் கூட்டமும் வசதியான நான்கு வீடுகளிலேயே சுற்றாமல், எல்லாத் தெருவுக்கும் முறைவைத்து வரட்டும். கொடுத்ததை வாங்கிக் குடித்த பிறகே இறுதிச் செபம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். பிறகு, அந்த அக்காள் வீட்டுக்கு அடுத்த விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.