கேர்னலுக்கு அனுப்பிய திருத்தம் ஏன் கேள்விகளோடு திரும்புகிறது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு முதன்முதலாக ஒரு திருத்தம் எழுதி அனுப்புபவருக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது கேள்விகள்தான். எப்படிச் சோதித்தீர்கள்? இந்த வரி எதற்கு? ஒரே திருத்தத்தில் இரண்டு வேலை ஏன்? கொழும்புத்துறையில் ஒரு வீட்டு மேசையிலிருந்து அனுப்பினாலும், பெரிய நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து அனுப்பினாலும் இதே கேள்விகள்தான் வரும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு கைவிடுவது இலகு. அந்தக் கேள்விகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று விளங்கிக்கொண்டவர் கைவிடமாட்டார்.

கேர்னலின் நெட்வேர்க் பகுதியை எடுத்துக்கொள்வோம். கணினியின் நெட்வேர்க் அட்டைக்கும் கேர்னலுக்கும் இடையில் நின்று பேசும் நிரலே டிரைவர், அதாவது இயக்கி. அதைத் திருத்துகிறவரிடம் அந்த அட்டை இருக்கும். மதிப்பாய்வு செய்கிறவரிடம் பெரும்பாலும் இராது. நிரலையும் அதோடு வரும் விளக்கக் குறிப்பையும் மட்டும் படித்துவிட்டு, இது உலகெங்கும் ஓடலாம் என்று அவர் கையொப்பமிட வேண்டும். அதனால் அந்தக் குறிப்பு திருத்தத்தின் பாதி. என்ன மாற்றினோம் என்பது நிரலிலேயே தெரியும். ஏன் மாற்றினோம் என்பதை எழுதினால்தான் தெரியும்.

ஓர் உதாரணத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். அனுப்ப வேண்டிய தரவுப் பொதிகளை இயக்கி ஒரு வரிசையில் அடுக்கி அட்டையிடம் கொடுக்கிறது. வரிசை நிறைந்தால், இனித் தராதே என்று கேர்னலுக்கு நிறுத்தம் போடுகிறது. அட்டை அனுப்பி முடித்ததும் அதை அறிவிக்கும் ஒரு குறுக்கீடு (இன்டரப்ட்) வரும். இயக்கி அப்போது நிறுத்தம் கிடக்கிறதா என்று பார்த்து அதை நீக்கும். சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு செயலி (சிபியூ), வரிசை நிறைந்துவிட்டதென்று கண்டு நிறுத்தம் போடப் போகிற அந்தக் கணத்தில், மற்றச் செயலியில் எல்லாப் பொதிகளும் போய் முடிந்த குறுக்கீடு ஓடுகிறது. அங்கே நிறுத்தம் இன்னும் விழவில்லை. நீக்க ஒன்றுமில்லை என்று அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நிறுத்தம் விழுகிறது. வரிசை வெறுமையாகக் கிடக்கிறது, நிறுத்தத்தை நீக்க இனி ஒரு குறுக்கீடும் வராது. இணைப்பு இருப்பதாகவே திரை காட்டும், ஒரு பொதியும் போகாது. சில விநாடிகளில், அனுப்பும் வரிசை காலம் கடந்துவிட்டது என்று கேர்னல் தன் பதிவில் எழுதும்.

எழுதியவரின் கணினியில் இது ஒரு மாதம் ஓடியும் நடக்காமல் இருக்கலாம். மதிப்பாய்வாளரோ படிக்கும்போதே கேட்பார்: நிறுத்தம் போட்ட பிறகு, இடம் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தீர்களா? அந்த மறுபார்வைக்கும், இரு செயலிகளும் நினைவகத்தை ஒரே ஒழுங்கில் காண்பதற்கான தடைக்கும் சில வரிகள் போதும். சோதனை பிடிக்காததை வாசிப்பு பிடிக்கிறது. மதிப்பாய்வின் முழு நியாயமும் இதுதான்.

தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2008 சாட்சி. 2.6.27 பதிப்பின் தயாரிப்பின்போது இன்டெலின் சில நெட்வேர்க் அட்டைகளின் நிலைநினைவகமே அழிந்து, அட்டைகள் செயலிழந்தன. சந்தேகம் முதலில் இ1000இ இயக்கியின் மேல் விழுந்தது. தேடிப் பார்த்ததில் குற்றவாளி, கேர்னலின் வேறொரு மூலையிலிருந்த எஃப்ட்ரேஸ் என்ற தடம்பிடிக்கும் கருவி. விடுவிக்கப்பட்டு, பின்னர் அட்டைக்குக் கொடுக்கப்பட்ட முகவரியில் அது எழுதியிருந்தது. மென்பொருள் பிழை வன்பொருளைக் கெடுத்த பிறகு யாரும் கேள்வி கேட்பதைக் குறைக்கவில்லை.

நெட்வேர்க் பகுதியின் நடைமுறைகளும் இதே அக்கறையில் பிறந்தவை. பிழைத்திருத்தம் 'நெட்' என்ற நிரல் களஞ்சியத்துக்கு, புதிய வசதி 'நெட்-நெக்ஸ்ட்' களஞ்சியத்துக்கு. எதற்கென்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும். புதிய கேர்னல் வெளிவந்ததும் ஏறக்குறைய 2 வாரம் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும். திருத்திய வடிவத்தை 24 மணித்தியாலத்துக்குள் மறுபடி அனுப்பக்கூடாது. உலகின் மறுபக்கத்தில் உறங்குகிறவரும் படிக்க நேரம் வேண்டும். வேறு வேலை எதுவுமின்றி வெறும் அழகுபடுத்தலாக வரும் திருத்தங்களை இந்தப் பகுதியினர் விரும்புவதில்லை. புதியவர்கள் பலர் தொடங்குவது அங்கேதான் என்பதால் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மாணவரால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்தியாவின் சுரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைக் காட்டுவேன். மோகித் தகிலியானியின் வழிகாட்டலில் அங்குள்ள மாணவர்கள் எஃப்க்யூ-பை என்ற பொதி ஒழுங்கமைப்பியை எழுதினார்கள். இயக்கிக்கு நேர் மேலே நின்று, வரிசையில் பொதிகள் தேங்கித் தாமதமாவதைக் குறைப்பது அது. முழுவதையும் ஒரே மூட்டையாக அவர்கள் அனுப்பவில்லை. கேர்னலில் ஏற்கெனவே இருந்த 'பை' என்ற ஒழுங்கமைப்பி நிரலின் பொதுப்பகுதியைத் தனியே எடுத்தார்கள், சிறுசிறு திருத்தங்களாக ஒழுங்குபடுத்தினார்கள், கடைசியில்தான் புதியதைச் சேர்த்தார்கள். கருத்துகள் வர வரத் திருத்தித் திருத்தி அனுப்பினார்கள். 2020இல் வெளிவந்த 5.6 பதிப்பில் அது இடம்பெற்றது. பின்னர் வேறு பொறியாளர்கள் அதிலும் பிழை கண்டு திருத்தினார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேர்னலில் எல்லோருடைய நிரலுக்கும் அது நடக்கிறது.

உண்மையில் நெட்வேர்க் பகுதியில் பற்றாக்குறை எழுதுகிறவர்களுக்கு அல்ல, படித்துப் பார்க்கிறவர்களுக்கே. யாகூப் கிச்சின்ஸ்கி, பவோலோ அபேனி போன்ற ஒரு சில பராமரிப்பாளர்களின் தோளில் பெரும் சுமை இருக்கிறது. எந்த அனுபவ நிலையில் இருப்பவரும் மற்றவர் திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்லலாம் என்று அவர்களுடைய வழிகாட்டி ஆவணமே அழைக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கணினி மாணவர்களுக்கு என் வேண்டுகோளும் இதுவே. சொந்தத் திருத்தத்துக்கு முன், உங்கள் கணினியில் இருக்கும் அட்டையின் இயக்கியைக் கண்டுபிடியுங்கள். ரியல்டெக் அட்டையென்றால் அது ஆர்8169 ஆக இருக்கக்கூடும். அதற்கு யாராவது அனுப்பிய திருத்தத்தை எடுத்துக் கேர்னலைக் கட்டி ஓடவிடுங்கள். கேபிளைக் கழற்றிப் பூட்டுங்கள், கணினியை உறங்கவைத்து எழுப்புங்கள், பெரிய கோப்பொன்றை அனுப்பிப் பாருங்கள். கண்டதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள். திருத்தம் ஏற்கப்பட்டால், சோதித்தவர் என்ற வரியில் உங்கள் பெயரும் கேர்னலின் வரலாற்றில் பதிவாகும்.