ஊராட்சி ஆபீஸ் வரைக்கும்

கண்ணாடி இழை இணையம் கிராமத்துக்கு வந்தாச்சு என்கிறார்கள். கிராமத்தில் எந்தத் தெருவுக்கு?

ஊராட்சிகளை இழைக் கேபிளால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. இப்போது அதன் பேர் பாரத்நெட். தமிழ்நாட்டில் இதற்கென்றே டான்ஃபிநெட் நிறுவனம். கணக்கு 12,525 ஊராட்சி. சரி தோழர், கேபிள் போய் நிற்கிற இடம் எது? ஊராட்சிக் கட்டடம். ஆரணியைச் சுற்றி எத்தனை ஊராட்சிக் கட்டடம் காலனிக்குள் இருக்கிறது, போய் எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து வீடுவரை இழுப்பது வியாபாரம். இணைப்புக் கொடுக்கிறவர் எண்ணுவது மாசாமாசம் பணம் கட்டுகிற வீட்டை. காலனி கடைசி. தெருவிளக்கும் தண்ணிக் குழாயும் இப்படித்தானே வந்துச்சு!

செல்போன் போதாதா என்கிறார்கள். 2020இல் பள்ளிக்கூடம் மூடினப்ப, எத்தனை வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பன் சட்டைப்பையில் வேலைக்குப் போனது? இன்றைக்கு உதவித்தொகை விண்ணப்பமும் ஆன்லைன்தான். பிரவுசிங் சென்டரில் காசைக் கொடுத்துவிட்டு, ஆதார் சேர்ந்துடுச்சா சார் என்று என் பேங்க் கவுண்டரில் வந்து நிற்கிற பிள்ளைகள் யார் பிள்ளைகள்? ஆரணி டவுனிலும் இதே கதைதான்: முதலாளி வீட்டில் ஃபைபர், தறிக்காரன் கையில் ரீசார்ஜ்.

கேரளத்தில் 2023 ஜூனில் கேஃபோன் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பத்துக்கு இலவசம் என்றார்கள். முதல் கட்டம் தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. கொஞ்சம்தான். ஆனாலும் அவர்கள் எண்ணியது வீட்டை.

கிராம சபை கூடும்போது கேளுங்கள்: காலனியில் எத்தனை வீட்டுக்கு, எந்த மாசத்துக்குள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.