வேளாண் கண்காட்சிக்கு வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க

எங்க மாட்டுச்சாளைக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடின பவர் வீடர் ஒண்ணு மூணு வருசமா நிக்குது. வீட்டுக்கு வர்ற ஒறம்பரை யாராவது "இதென்னங்க மூடி வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா, "காப்பி குடிக்கறீங்களா?"ன்னு பேச்சை மாத்திருவேன். இந்த ஜூலையில கோயமுத்தூர் கொடிசியா வளாகத்துல வருசாவருசம் நடக்கற விவசாயக் கண்காட்சிக்குக் குடும்பத்தோட போயிட்டு வந்தேன். வந்த பிறகு, அந்த மிஷின் கதையை மறைக்காம எழுதிடறதுதான் நல்லதுன்னு பட்டுது. என்னை மாதிரி இன்னொருத்தர் ஏமாறாம இருந்தா சரி.

மூணு வருசத்துக்கு முந்தி வேற ஒரு ஊர்ல ஒரு கண்காட்சி. பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் நானும் இன்னும் ரெண்டு பேரும் கார் பிடிச்சுப் போனோம். ஆம்பளைங்க மட்டும்தான். அப்ப களையெடுக்க ஆள் கிடைக்காம நான் தவிச்சுக்கிட்டு இருந்த நேரம். சின்ன வெங்காயம் அறுபது எழுபது நாள் பயிர். அதுக்குள்ள ரெண்டு களை எடுத்தே ஆகணும், விட்டா களைதான் வெள்ளாமை. ஒரு கடையில பொலபொலன்னு கொத்திப் போட்ட மண்ணுல மிஷினை ஓட்டிக் காட்டுனாங்க. புட்டு மாவைக் கிண்டற மாதிரி போச்சு. "இன்னைக்கே புக் பண்ணுனா அஞ்சாயிரம் தள்ளுபடிங்ணா, கைத்தெளிப்பான் ஒண்ணு இலவசம்"னு சொன்னாங்க. கையில இருந்ததை அட்வான்ஸா கொடுத்துட்டு வந்துட்டேன். மொத்தம் 58,000 ரூபாய். மீதிப் பணத்துக்கு வீட்டம்மாவோட ரெண்டு வளையல் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போச்சு. வளையலைக் கேட்டு வாங்குனேனே தவிர, மிஷினைப் பத்தி ஒரு வார்த்தை அவகிட்டக் கேக்கல.

வண்டி வந்து இறங்குன அன்னைக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுது. எங்க வெங்காயத்துல வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. மிஷின் கொத்தற அகலம் ரெண்டே முக்கால் அடி. "ஓரத்து பிளேடைக் கழட்டிட்டா சரியாயிரும்"னு கடையில சொல்லியிருந்தாங்க. கழட்டியும் ரெண்டு அடிக்குக் கம்மியாகல. எங்க தோட்டம் பி.ஏ.பி. கடைமடை. வாய்க்கால் தண்ணியை நம்ப முடியாது, கிணறும் சொட்டுநீரும்தான். பாத்தி முழுக்கச் சொட்டுநீர்ப் பைப்பு கிடக்குது. மிஷின் உள்ள போகணும்னா பைப்பை எல்லாம் சுருட்டி வரப்புல போட்டுட்டு, ஓட்டி முடிச்சதும் திரும்ப விரிக்கணும். ஒரு பைப்பை விட்டாலும் பிளேடுல சுத்திக்கும். ரெண்டு இடத்துல சுத்தி, பிஞ்சும் போச்சு. செம்மண்ணுக்கு அடியில சுக்காங்கல், மிஷின் குதிச்சுக் குதிச்சு ஓடுது. கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். எடை தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. பாத்தி முடியற இடத்துல அதைத் தூக்கித் திருப்பணும்.

இதுல முக்கியமான ஒண்ணைச் சொல்லணும். எங்க தோட்டத்துல களையெடுக்கறது நான் இல்லைங்க. காலையில பால் சொசைட்டி, அப்புறம் மோட்டார், மருந்தடி, சந்தைன்னு நான் சுத்திட்டு இருப்பேன். குனிஞ்சு களை எடுக்கறது, பைப்பு சுருட்டி விரிக்கறது, ஆளுங்களோட நின்னு வேலை வாங்கறது எல்லாம் வீட்டம்மாதான். அவளும் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தா. மூணாம் நாள் தோள்பட்டை தூக்க முடியல. தைலம் தேய்ச்சு விட்டுட்டு, மிஷினைத் தள்ளிட்டுப் போய்ச் சாளைக்குப் பின்னால நிறுத்துனேன். வளையலைப் போன தையிலதான் திருப்புனோம். அந்த மிஷினைப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல.

இந்த வருசம் கண்காட்சி நோட்டீஸைப் பாத்ததும், பிளஸ் ஒன் படிக்கற மகதான் ஆரம்பிச்சா. "அப்பா, இந்தத் தடவை எல்லாரும் போலாம்பா." பண்ணையக்காரன் வீட்டுல எல்லாரும் ஒரு நாள் வெளிய போறதுன்னா லேசுப்பட்ட காரியமா? நாலு மாடு நிக்குது. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாலைக் கறந்து ஊத்திட்டு, சாயங்காலக் கறவைக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்காகிட்டச் சொல்லிட்டு, புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கிட்டுக் கிளம்புனோம். அம்மா, வீட்டம்மா, மக, ஏழாவது படிக்கற பையன், நான். பஸ்ஸுல சிங்காநல்லூர் போயி, அங்கிருந்து ஆட்டோ.

கிளம்பறப்போ வீட்டம்மா ஒரு சணல் கயித்தைத் துண்டா வெட்டி மஞ்சப்பையில போட்டா. "எதுக்கு?"ன்னு கேட்டேன். "இருக்கட்டுமுங்க"ன்னா.

உள்ள போனா திருவிழாக் கூட்டம். பையன் ஒவ்வொரு டிராக்டரா ஏறி உக்காந்து எறங்குனான். தட்டு வெட்டற மிஷின் கடையில அம்மா ரொம்ப நேரம் நின்னாங்க. "கையை உள்ள விடாத மாதிரி மறைப்பு இருக்குதா கண்ணு?"ன்னுதான் முதக் கேள்வி. விதைக் கடையில ஒரு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல காய் முத்த விட்டு விதை எடுத்தா, அடுத்த வருசமும் இதே மாதிரி காய்க்குமா?"ன்னு கேட்டாங்க. அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே, "இல்லீங்க பாட்டி, இது ஹைபிரிட், வருசாவருசம் புதுசு வாங்கணும்"னார். அம்மா பாக்கெட்டை வச்ச இடத்துலயே வச்சுட்டு, நாட்டுக் கத்தரியும் பொரியல் தட்டையும் விக்கற கடையைத் தேடிப் போயிட்டாங்க.

களையெடுக்கற மிஷின் வரிசைக்கு வந்தோம். முதல் கடையில இருந்த தம்பி நல்லா பேசுனார். ஆனா பேச்செல்லாம் என்னைப் பாத்துத்தான். எத்தனை எச்.பி., எத்தனை லிட்டர், எத்தனை மாசத் தவணைன்னு ஒப்பிச்சுக்கிட்டே போனார். என் பக்கத்துல நின்னவளுக்கு நோட்டீஸ்கூட நீட்டல. வீட்டம்மா ஒண்ணும் சொல்லல. பையிலிருந்து அந்தச் சணல் கயித்தை எடுத்தா, குனிஞ்சு மிஷின் பிளேடுக்குக் குறுக்கே பிடிச்சா. கயிறு பாதியிலயே நின்னுருச்சு.

"இது எங்க வெங்காய வரிசை அகலமுங்க தம்பி. இதுக்குள்ள போற மிஷின் இருக்குதா?"

அந்தத் தம்பி அப்பத்தான் அவளைத் திரும்பிப் பாத்தார். பக்கத்துல இருந்த சின்ன மிஷினைக் காட்டுனார். அவ விடல. "நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?" மூணு தடவை இழுத்தா, பிடிக்கல. "பழகிட்டா வந்துருங்கக்கா"ன்னார். "நாளைக்கு எங்காட்டுல பழகி வர்ற வரைக்கும் நீங்க வந்து இழுத்து விடுவீங்களா?"ன்னு கேட்டதும் சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அதோட விட்டாளா? பைப்பு கிடந்தா எப்படி ஓட்டறது, திருப்பறப்போ தூக்கணுமா, பிளேடு தேஞ்சா எங்க கிடைக்கும், ரிப்பேருக்குக் கோயமுத்தூர்தான் கொண்டு வரணுமான்னு வரிசையா கேட்டா. மூணு வருசத்துக்கு முந்தி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அத்தனையும் அதுதான். மக பக்கத்துல நின்னு போன்ல குறிச்சுக்கிட்டே வந்தா.

நாலஞ்சு கடை தள்ளி வயசான ஒருத்தர் கைக்கருவி வச்சிருந்தார். அவர் வீட்டம்மாவைப் பாத்தே பேசுனார். கயித்தை வாங்கிப் பாத்துட்டு, "இந்த மண்ணுக்கும் அகலத்துக்கும் இப்போதைக்கு மிஷின் வேண்டாம்மா"ன்னு சொல்லி, சைக்கிள் சக்கரம் வச்ச தள்ளு களைவெட்டியைக் கையில கொடுத்தார். ஆறு அங்குல பிளேடு. நின்ன வாக்குல தள்ளலாம், குனிய வேண்டியதில்ல. பைப்பைச் சுருட்ட வேண்டியதும் இல்ல, ஓரமா ஒதுக்கிவிட்டாப் போதும். விலை 2,200 ரூபாய். அன்னைக்கு நாங்க வாங்குன ஒரே கருவி அதுதான்.

மத்தியானம் வெளிய நிழல்ல உக்காந்து சோத்தைப் பிரிச்சோம். அப்பத்தான் வீட்டம்மா சொன்னா: "அன்னைக்கே கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனுங்க, பாத்தியெல்லாம் பைப்பு கிடக்குதேன்னு." சண்டை பிடிக்கற குரல் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் சோறு இறங்கல.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கருவியைப் பிடிக்கப் போற கை எதுவோ அந்தக் கைதான் கண்காட்சியில அதைத் தொட்டுப் பாக்கணும். பணம் கொடுக்கற கை மட்டும் போனா, என் வீட்டுல நடந்ததுதான் நடக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டுல வேலை செய்யற பெண்கள்ல 100க்கு 65 பேர் உழவராவோ விவசாயக் கூலியாவோ இருந்தாங்க. ஆனா 2015-16 வேளாண் கணக்கெடுப்புல பெண்கள் பேர்ல இருந்த பண்ணையம் 100க்கு 14தான். பட்டா நம்ம பேர்ல இருக்கறதால மிஷினும் நமக்குத்தான்னு நாமளும் நினைச்சுக்கறோம், கடைக்காரங்களும் நினைச்சுக்கறாங்க. இத்தனைக்கும் 2023ல மத்திய அரசு கொண்டு வந்த நமோ ட்ரோன் தீதி திட்டம், மகளிர் குழுக்களுக்கு மருந்தடிக்கற ட்ரோன் வாங்க 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுக்கற திட்டம். ட்ரோன் கடையில மக இதை எடுத்துச் சொன்னா. ஆகாசத்துல பறக்கறதை ஓட்டப் பெண்களுக்குச் சர்க்கார் பணம் கொடுக்குது. தரையில ஓடற மிஷினுக்கு நோட்டீஸ் நீட்ட நமக்கு மனசு வரலியே?

"பொம்பளைங்களுக்கு மிஷின் பத்தி என்னங்க தெரியும்?"னு கேக்கறவங்க இருக்காங்க. எச்.பி. தெரியாம இருக்கலாம். பாத்தி அகலம், மண்ணு, பைப்பு, இடுப்பு வலி இதெல்லாம் நம்மளை விட அவங்களுக்குத்தான் தெரியும். "எல்லாரும் கிளம்பிட்டா மாட்டை யாரு பாக்கறது?"ன்னா, அது நெசமாவே கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஒருத்தர் மட்டும்தான் போக முடியும்னா, அந்த வேலையைச் செய்யறவங்களை அனுப்பிட்டு நீங்க மாட்டைப் பாருங்க. ஒரு நாள் கறவையை நாம கறந்தா குறைஞ்சு போயிட மாட்டோம்.

இன்னொண்ணு. கண்காட்சியில அட்வான்ஸ் கொடுக்காதீங்க. வேளாண்மைப் பொறியியல் துறை மூலமா கிடைக்கற மானியம் பெரும்பாலான கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கும், பெண் விவசாயிகளுக்கும், பட்டியல், பழங்குடி இனத்தவருக்கும் 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம். உச்சவரம்பு கருவிக்குக் கருவி மாறும். ஆனா முதல்ல விண்ணப்பம், அப்புறம் அனுமதி, அதுக்கப்புறம்தான் வாங்கணும். உழவன் செயலியிலயே விவரம் இருக்கு. நான் தலைகீழா செஞ்சேன். அஞ்சாயிரம் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மானியத்தையே விட்டேன். நோட்டீஸை வாங்குங்க, போன் நம்பரைக் குறிங்க, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேசுங்க. நல்ல மிஷின்னா அடுத்த வாரமும் நல்ல மிஷின்தான்.

கண்காட்சி நடத்தறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொத்திப் பொடியாக்குன மண்ணுல ஓட்டிக் காட்டுனா எந்த மிஷினும் ஓடும். காய்ஞ்ச கெட்டி மண்ணு ஒரு துண்டு, கல்லு மண்ணு ஒரு துண்டு, பைப்பு விரிச்ச பாத்தி ஒரு துண்டு போட்டு வைங்க. ஓட்டிப் பாக்கறவங்க வரிசையில பெண்களையும் நிக்க வைங்க. கடையில பேச ரெண்டு பெண்கள் இருந்தா, எங்க அம்மா மாதிரி ஆளுங்க இன்னும் நாலு கேள்வி கூட கேப்பாங்க.

சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்து சேந்தோம். அக்கா பாலைக் கறந்து ஊத்திட்டுப் போயிருந்தாங்க. மறுநாள் வீட்டம்மா களைவெட்டியைத் தள்ளிப் பாத்துட்டு, பிளேடு கோணத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னா. சாய்ச்சுக் கொடுத்தேன். நல்லாத்தான் போகுது. முழுக்க ஆள் வேலையைக் குறைச்சிருமான்னா அது நடக்காது. குனியற வேலை பாதி குறைஞ்சிருக்கு.

தார்ப்பாய்க்கு அடியில இருக்கறதுக்கும் அவதான் வழி சொன்னா. "நமக்குத்தான் அகலம் பத்தல. அண்ணன் தோட்டத்துல தென்னைக்கு நடுவுல இருபத்தஞ்சு அடி கிடக்குது, அவங்களைக் கேட்டுப் பாருங்க." அவரு மண்ணும் வண்டல். கேட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். அவர் வீட்டு அக்காவையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.