எலியிடம் என்ன கேட்கப் போகிறோம்?

தருமபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் சில ஊர்களில் கிணற்று நீரையே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பு நிறப் பட்டைகள் தெரியும். வயது ஏற ஏறச் சிலருக்கு முழங்காலும் முதுகும் விறைத்துப்போகும். பூமிக்கடியில் உள்ள பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைடுதான் இதற்குக் காரணம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இம்மாவட்டத்தில் பல. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதும் இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான்.

இந்த ஊர் மாணவி ஒருத்தி நாளை ஒரு கல்லூரிப் பரிசோதனைச்சாலையில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "புளோரைடு கலந்த நீரை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்" என்கிறாள். சொந்த ஊரின் துன்பத்தை ஆராய நினைப்பது நல்ல எண்ணமே. ஆனால் அந்த எலியிடம் அவள் கேட்கப்போகும் கேள்வி என்ன?

"புளோரைடு கெடுதல் செய்யுமா?" என்பதுதான் கேள்வி என்றால், அந்தச் சோதனை நடக்கவே கூடாது என்பது என் கட்சி. கூண்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எலிக்கு நோவே தெரியாமல் செய்தாலும் கூடாது. ஏனெனில் விடை நமக்கு முன்பே தெரியும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்பு இறுகிப்போன மக்களைப் பார்த்து, கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1937-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். தெரிந்த விடைக்காக ஓர் உயிரை வாங்குவது ஆராய்ச்சி ஆகாது.

இன்னொன்றும் உண்டு. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நம் பற்கள் அப்படியல்ல. மேலும், நமக்குக் கேடு செய்யும் அளவு புளோரைடு எலியை அவ்வளவாக அசைப்பதில்லை. பல மடங்கு கூட்டிக் கொடுத்தால்தான் அதன் பல்லில் பட்டை விழும். ஆகவே பென்னாகரத்துக் கிணற்று நீரை அப்படியே எலிக்கு ஊற்றிவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை, இந்நீர் நல்லது" என்று முடிவு சொன்னால் எத்தகைய ஆபத்து! அந்த நீரைக் குடிக்கப்போவது குழந்தைகள் அல்லவா?

அப்படியானால் கேட்கத்தக்க கேள்வியே இல்லையா? இருக்கிறது. நம் மாவட்டத்துப் புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். புளி சாப்பிட்டால் உடலில் சேர்ந்த புளோரைடு வெளியேறுமா என்று ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. சிறுவர்களுக்கு நாள்தோறும் 10 கிராம் புளி வீதம் 18 நாட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். புளி புதிய மருந்து அல்ல. நம் வீட்டுக் குழம்பில் தினமும் கொதிப்பது. சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்பது மட்டும் கேள்வியானால், பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தபின் மனிதரிடமே நேராகக் கேட்டுவிடலாம், விலங்கு தேவையில்லை. ஆனால் எலும்புக்குள் படிந்தது குறைகிறதா என்று சிறுநீர் முழுவதுமாகச் சொல்லாது. அதற்கு எலும்பையே சோதிக்கவேண்டும். உயிருள்ள பிள்ளையின் எலும்பை யார் வெட்டித் தருவார்? அந்த இடத்தில்தான் விலங்குச் சோதனைக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. அந்த நியாயமும் முழு நியாயம் அல்ல, கடன் வாங்கிய நியாயம். எலி நம்மிடம் சம்மதம் சொல்லவில்லை.

கடன் வாங்கியவர் கணக்காக இருக்கவேண்டும். எத்தனை எலிகள்? இரக்கப்பட்டு மூன்றுக்குப் புளியும் மூன்றுக்கு வெறும் தீனியும் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டிப் பாருங்கள். மூன்றும் தலையாகவே விழ எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தெரியும் வித்தியாசம் புளியால் வந்ததா, தற்செயலா என்று சொல்ல இயலாது. ஆறு எலிகளும் வீணாய்ச் செத்ததுதான் மிச்சம். இருபதில் முடியும் வேலைக்கு அறுபதைக் கொல்வதும் அதே அளவு தவறு. ஆகவே தொடங்குமுன்பே புள்ளியியல் தெரிந்தவரிடம் உட்கார்ந்து எண்ணிக்கையைக் கணக்கிடவேண்டும். எந்த எலி எந்தக் குழுவில் சேரும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யவேண்டும். கைக்கு எளிதாக அகப்படும் சோம்பல் எலிகளெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடும் அபாயம் உண்டு. எலும்பை அளப்பவருக்கு அது எந்தக் குழுவின் எலும்பு என்று தெரியக்கூடாது. புளி தின்ற எலிகள் அத்தனையும் சன்னலோரத்து ஒரே கூண்டில் இருந்தால், வேலை செய்தது புளியா, வெயிலா?

மிரண்டுபோன எலியின் உடல் இயக்கமே மாறிவிடும். அதன் இரத்தத்தில் அச்சத்துக்குரிய சுரப்புகள் ஏறிக்கிடக்கும். முரட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்ட எலி தரும் எண்களை நம்ப முடியாது. இதைக் கருணையாளர்கள் மட்டும் சொல்லவில்லை. கறாரான ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959-இல் எழுதிய நூல், விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, நோவைத் தணி என்ற மூன்றையும் அறிவியல் முறையின் பகுதியாகவே வைத்தது.

மறு ஆண்டே, 1960-இல், நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்காக நாம் அறிந்தவர், மாநிலங்களவையில் இதற்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நோய் தீர்க்கவும் புதிய அறிவு பெறவும் சோதனை செய்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்யாதே, புத்தகமும் மாதிரி உருவமும் திரைப்படமும் போதுமான இடத்தில் விலங்கைத் தொடாதே என்கிறது. இன்று ஆய்வு நிறுவனம் ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு ஒன்று உண்டு. அதில் கால்நடை மருத்துவர் இருப்பார், வெளி நிறுவன விஞ்ஞானி இருப்பார், விஞ்ஞானியே அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருப்பார். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி நாற்காலிதான் முக்கியமானது. "இது எதற்கு?" என்று வெட்கமில்லாமல் கேட்கக்கூடியவர் அவர். அவருக்குப் புரியும்படி விடை சொல்ல முடியாத ஆய்வாளருக்குத் தம் கேள்வியே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துப் போகிறவராக அவர் இருந்துவிட்டால் குழுவால் பயனில்லை.

பள்ளிக் கண்காட்சிக்கு எலியும் வேண்டாம், சோப்புத் தூள் நீரில் தத்தளிக்கும் மீனும் வேண்டாம். வடிகட்டிய நீரில் புளோரைடு குறைந்ததா என்பதை நிறம் மாறும் வேதிச் சோதனையே சொல்லிவிடும். விலங்கையே பார்க்க ஆசையா? உங்கள் ஊர் மாடுகளும் அதே நீரைத்தான் குடிக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, மாட்டைப் பழக்கமானவர் பிடித்துக்கொள்ள, பல்லைப் பாருங்கள். பட்டை உண்டா, மாடு எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறது, அந்த நீரில் புளோரைடு எவ்வளவு என்று குறித்துவாருங்கள். வயதையும் எழுதுங்கள்; சுமார் இரண்டு வயதுக்குமேல் முளைக்கும் நிலைப்பற்களையே கணக்கில் எடுக்கவேண்டும். கீழ்த் தாடையில் மட்டும் பாருங்கள். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது.